பள்ளி மூடியிருக்கும் நாள்களில் வீட்டில் படிப்பைத் தொடர்வது எப்படி?

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, யுனெஸ்கோவின் கணக்குப்படி உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. இத்தகைய நேரத்தில் வகுப்பறையின் கால அட்டவணையை அப்படியே வீட்டில் நடத்த முயல்வது பெற்றோரையும் பிள்ளையையும் சில நாள்களிலேயே களைப்படையச் செய்துவிடும். புதிய பாடங்களை முடிப்பதைக் காட்டிலும், ஏற்கெனவே கற்றது நழுவிப்போகாமல் காப்பதே வீட்டில் முதலில் செய்யவேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறதி இயல்பானது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்விலேயே, மனப்பாடம் செய்தவற்றில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் மறந்துவிடுவதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது மனத்தில் நன்கு தங்குவதையும் காட்டினார். ஆகவே, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, அந்தப் பாடத்தில் நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதவோ வாய்விட்டுச் சொல்லவோ பிள்ளையிடம் கேளுங்கள். அதன் பிறகு புத்தகத்தைப் பார்த்து, விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்கச் சொல்லுங்கள். அதே பாடத்தை மறுநாளும், மூன்று நான்கு நாள் கழித்தும், பின்னர் ஒரு வாரம் சென்றும் கேட்டால், விடுபடுபவை ஒவ்வொரு முறையும் குறைந்துவருவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். ஐந்து முறை வாசிப்பதைவிட ஒரு முறை முயன்று நினைவுகூர்வது பயனுள்ளது. தொடக்கத்தில் அது கடினமாகத் தோன்றும் என்பதால், தவறான விடைக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பாடம் உங்களுக்கே தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பிள்ளையை ஆசிரியராக்கி, நீங்கள் மாணவராக அமர்ந்து, "இது ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டால் போதும், விளக்க முடியாமல் திணறும் இடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் இதைச் செய்ய முடியும்.

கணக்கையும் வாசிப்பையும் மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஓர் அமர்வு 15 அல்லது 20 நிமிடத்திற்கு மேல் வேண்டாம். சத்தமாக வாசிக்கச் சொல்லி, இடையில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது, பிள்ளைகள் இருவர் என்றால், காணொளிப் பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, ஒருவர் பார்க்கும் வேளையில் மற்றவர் எழுதும்படி நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். தீராத ஐயங்களைத் தேதியிட்டு ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி திறந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்பதை ஆசிரியர் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.