நாயின் மருத்துவச் செலவைக் கைக்குள் வைத்திருப்பது எப்படி?

நாய் வளர்ப்பவரின் கையைக் கடிப்பது பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவன்று. சொல்லாமல் வந்து நிற்கும் மருத்துவச் செலவுதான். அதில் பெரும்பகுதி, முன்பே செய்திருக்க வேண்டிய சிறு செலவைத் தள்ளிப்போட்டதால் வருவது.

முதலாவது தடுப்பூசி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியைப் போட்டு, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடும் வீடுகளில்தான் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் புகுகிறது. வந்துவிட்டால் நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற நேர்வதுடன், குட்டி பிழைக்கும் என்ற உறுதியும் இராது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்க வேண்டும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இதை இலவசமாகவே போடுகிறார்கள்.

அடுத்தது உண்ணி. வாரம் ஒருமுறை காதுமடலின் உட்புறத்தையும், கால்விரல் இடுக்குகளையும், கழுத்துப்பட்டைக்கு அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். இரத்தம் குடித்துப் பெருத்த உண்ணி, சிறிய ஆமணக்கு விதையைப் போலச் சாம்பல் நிறத்தில் தட்டுப்படும். அதைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவக் கூடாது. நாயின் எடைக்கேற்ற உண்ணி மருந்தின் விலை, உண்ணிக் காய்ச்சல் வந்து, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தபின் ஆகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. பெண் நாய்க்குக் கருத்தடை செய்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கருப்பையில் சீழ் பிடித்து அவசர அறுவைச் சிகிச்சைக்கு ஓடும் நிலையை அது தவிர்க்கிறது.

நோய் வந்துவிட்டால், பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து தொடங்கலாம். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமானது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு, 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் இருக்கின்றன. வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

தனியார் மருத்துவரிடம் போனால் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். ஒருமுறை நான் கௌரவம் பார்த்துக்கொண்டு எல்லாப் பரிசோதனைகளுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் மருந்து வாங்கக் காசில்லாமல் நின்றேன். “கையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எதை முதலில் செய்யலாம்?” என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், அவசரமானதை முதலில் செய்து மற்றதை ஒத்திவைத்திருப்பார்கள். செலவுக்கு அஞ்சி, வீட்டிலுள்ள மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும், நாய்க்கும் ஈரலைக் கெடுக்கும். தடுப்பூசி அட்டை, மருந்துச்சீட்டு, பழைய இரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு உடன் எடுத்துச் சென்றால், மருத்துவரை மாற்றும்போது அதே பரிசோதனைக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.