மாரி காலத்துல பேப்பர் கட்டிங் மெஷின்ல துப்பரவா வெட்டுறது எப்படி

கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்த பிளேட்டால வெட்டித் தாற மெஷின்ல, எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ள திரியுற மான் மாதிரி ஒண்ட கேக் டொப்பருக்கு (கேக்குக்கு மேல குத்துற அலங்காரம்) வெட்டினன், உடம்பு நல்லா வந்துது, கொம்பு மட்டும் மூண்டு தரம் கிழிஞ்சு போச்சு. பிளேட் அமத்துற பிரஷரக் கூட்டிக் கூட்டிப் பாத்தன், பேப்பர ஒட்டி வைக்கிற பசை மேட்டுல (mat) ஆழமா கோடு விழுந்ததுதான் மிச்சம். கடைசில பாத்தா பிழை பேப்பர்ல.

திருகோணமலையில ஐப்பசி பிறந்தா காத்து முழுக்க ஈரம்தானே, வெளியில கிடக்கிற பிரிஸ்டல் போர்ட் (தடிச்ச பேப்பர்) அத உறிஞ்சி நார் ஊதி மெத்துப் போயிடும். நமுத்த அப்பளத்த உடைச்சுப் பாருங்கோ, நொறுங்காது, வளையும், பேப்பரும் அப்பிடித்தான், பிளேட் போற பக்கம் வெட்டுப்படாம இழுபட்டு மூலையில பஞ்சு மாதிரி நிக்கும். அதால பேப்பர படுக்க வச்சு ஸிப் பேக்ல போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வருமே சின்ன சிலிக்கா பக்கெட், அதுல ரெண்டு மூண்டையும் உள்ளுக்க போட்டு வையுங்கோ. வெட்டப் போற நேரம் மட்டும் ஒவ்வொண்டா எடுங்கோ. வெயில்ல காய வைக்க வேண்டாம், சுருண்டுடும், சுருண்ட பேப்பர் மேட்டுல சமனா ஒட்டாது.

அடுத்தது பிளேட். அலுமினியம் ஃபாயில இறுக்கி உருண்டையாக்கி, பிளேட்டப் பிடிச்சிருக்கிற ஹவுசிங்குக்கு மேல இருக்கிற குமிழ அமத்திப் பிடிச்சு பிளேட் நுனியால பத்துப் பதினஞ்சு தரம் குத்தினா ஒட்டியிருக்கிற தூள் போயிடும். குமிழ் இல்லாத மெஷினெண்டா பிளேட்டக் கழட்டி ஹவுசிங்குக்குள்ள ஊதி விடுங்கோ, உள்ளுக்க ஒரு நார் மாட்டினாலே பிளேட் லேசா சுத்தாது, வளைவெல்லாம் கெட்டுப் போகும். வினைலுக்கு (பசை பூசின ஸ்டிக்கர் ஷீட்) ஒண்டு பேப்பருக்கு ஒண்டெண்டு ரெண்டு பிளேட் வச்சிருக்கிறது நல்லம், வினைல் வெட்டின பிளேட்ல பசை பிடிக்கும்.

மேட்டுல, கிரிகட் (Cricut) கம்பனி மெஷின் எண்டா மெல்லிய பேப்பருக்கு நீலம், போர்டுக்கு பச்சை. புது மேட் அளவுக்கு மிஞ்சி ஒட்டும், பருத்தித் துணியால நாலஞ்சு தரம் தட்டி விட்டுட்டுப் பாவியுங்கோ. ஊத்தையானா இளஞ்சூட்டுத் தண்ணியும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட்டும் போட்டு மெல்லிய பிரஷ்ஷால தேச்சு காத்துல காய விடுங்கோ, துணியால துடைச்சா நூல் ஒட்டிப் போகும். பேப்பர ஒட்டின பிறகு ஒரு பழைய பேங்க் கார்டால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கோ, காத்துக் குமிழ் இருந்த இடந்தான் முதல்ல கிழியும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் செட்டிங்ஸ்ல கை வைக்கோணும். மூலையில ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பாருங்கோ, தானா கழண்டு வந்து மேட்டுல லேசான கீறல் மட்டும் தெரிஞ்சா அளவு சரி. கழண்டு வராட்டி பிரஷரக் கொஞ்சம் ஏத்துங்கோ, இல்லாட்டி குறைஞ்ச பிரஷர்ல ரெண்டு தரம் ஓட விடுங்கோ. தடிச்ச போர்டுக்கு எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சது, நார் கிழியாது. நுணுக்கமான டிசைனுக்கு ஸ்பீட கட்டாயம் குறையுங்கோ.

எடுக்கிற விதத்துலதான் கனபேர் நல்ல வெட்டையும் கெடுக்கிறது. பேப்பரப் பிடிச்சு இழுக்காம மேட்டக் கவுத்து வச்சு மேட்ட வளைச்சு உரியுங்கோ, பேப்பர் மேசையிலயே படுத்திருக்கும். ஃபேன நிப்பாட்டிட்டு செய்யுங்கோ.

மான் கொம்புக்கு நான் இன்னுமொண்டும் செஞ்சன், கிளை நுனியெல்லாம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவா இருந்துது, அத 2 மில்லிமீட்டராக்கி, படத்தின்ர கோட்டுல வளைவ மாத்துற புள்ளிகள் (node) தேவையில்லாம நெருங்கியிருந்துது, அதுகளையும் அழிச்சன். நாலாவது தரம் ரெண்டு கொம்பும் முழுசா வந்துது.