விபூதி வாங்க முடியாத கை

மழையில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு மணிக்கட்டு மூட்டு வரை உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்டும் ஒரே வாரத்தில் எலும்பு நகர்ந்துவிட்டது. அப்புறம் உள்ளங்கைப் பக்கமாகக் கீறி, தகடும் திருகுகளும் வைத்தார்கள்.

பெரிய தப்பு நான் செய்ததுதான். வலிக்குப் பயந்து பத்து நாள் விரல்களை அசைக்கவே இல்லை. வீங்கி, விறைத்து, சோற்றைப் பிசையக்கூட மடங்கவில்லை. பிசியோதெரபி அக்கா சொன்ன பிறகுதான் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் உயர்த்தி வைத்து, மணிக்கொரு தரம் விரல்களை மடக்கி நீட்ட ஆரம்பித்தேன். தையல் பிரித்துப் புண் ஆறியதும் பயிற்சிக்காக வெந்நீரில் துணி பிழிந்தேன்.

மணிக்கட்டை மடக்குவதைவிட உள்ளங்கையை மேலே திருப்புவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் கை நீட்டினால் உள்ளங்கை பாதியிலேயே நின்றுவிடும். விபூதி சரிந்து கொட்டும். டாக்டர் சரி என்றதும், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சிறிய சுத்தியலைப் பிடித்து இருபுறமும் மெல்லத் திருப்பிப் பழகினேன். சுத்தியல் தலையின் கனமே கையைத் திருப்பிவிடும். இரண்டு வேளையும் விடாமல் செய்தேன்.

நான்காம் மாதம் விபூதி சிந்தவில்லை. இறுகிய பாட்டில் மூடியைத் திறக்கும்போது மட்டும் கை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.