ஆணி அடிப்பதற்கு முன்: வீவக வீட்டு உள்ளலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவி கைக்கு வந்த அன்று எந்த வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் பெரிதாகத்தான் தெரியும். நாலறை வீடு என்றால் ஏறக்குறைய 90 சதுர மீட்டர், மூவறை என்றால் 65 சுற்றி. கட்டில் இல்லை, அரிசி மூட்டை இல்லை, மாமியார் கொடுத்தனுப்பிய அண்டா இல்லை. பேசினால் குரல் எதிரொலிக்கிறது. அந்த மயக்கத்தில்தான் உள்ளலங்காரக்காரரிடம் கைப்பேசியில் சேர்த்து வைத்த படங்களை நீட்டுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் துணி மடிக்க ஒரு மூலை கிடைக்காமல் எல்லாவற்றையும் கட்டில்மேல் குவித்து வைத்திருப்போம்.

சுவர் நிறம் சரியில்லை, சோபா பெரிதாகப் போய்விட்டது என்றுதான் பலரும் வருத்தப்படுகிறார்கள். அவையெல்லாம் சின்னத் தவறுகள். சோபாவை கேரோசல் இணையச் சந்தையில் விற்றுவிடலாம், சுவருக்கு மறுபடி சாயம் அடிக்கலாம். சின்ன வீட்டில் உண்மையில் கையைச் சுடுவது, நகர்த்த முடியாதபடி பொருத்தப்பட்ட பொருள்கள்தான். மேடை, தச்சு வேலை, பொய்க்கூரை, இடித்த சுவர்: இந்த நான்கிலும் அவசரப்படாமல் இருந்தாலே பாதிக் கவலை குறையும்.

மேடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவன் நான். படுக்கையறை முழுக்க முழங்கால் உயரத்தில் ஒரு பலகை மேடை, அதன்மேல் நேரடியாக மெத்தை, அடியில் மூடி வைத்த பெட்டி பெட்டியாகச் சேமிப்பிடம். படத்தில் ஜப்பானிய அறை மாதிரி இருந்தது. கட்டில் வாங்கத் தேவையில்லை, சாமான் வைக்கத் தனியாக அலமாரியும் வேண்டாம் என்று கணக்குப் போட்டோம். ஓர் ஆண்டு கழித்து ஊருக்குப் போகப் பயணப் பெட்டியை எடுக்கலாம் என்று மெத்தையைத் தூக்கினால், மெத்தையின் அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் புள்ளி, பெட்டியின்மேல் பூஞ்சணம். செய்து கொடுத்தவரைக் கேட்டோம். "சிங்கப்பூர் காற்று அப்படித்தான் அண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. இரவெல்லாம் உடம்புச் சூடும் வேர்வையும் மெத்தைக்குள் இறங்குகின்றன. அடியில் காற்றுப் போக வழியில்லையென்றால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். எங்கள் மேடையில் ஓர் ஓட்டைகூட இல்லை. மேடைதான் வேண்டும் என்றால் மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட கட்டைகளும் பெட்டிகளுக்குக் காற்றுத் துளைகளும் கேளுங்கள். அதைவிட, இழுப்பறை வைத்த சாதாரணக் கட்டில் போதும். தினமும் எடுக்கும் பொருளை மெத்தைக்கு அடியில் வைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். யாரும் தினமும் மெத்தையைத் தூக்குவதில்லை.

அலமாரிக் கணக்கும் இதே கதைதான். படுக்கையறை 290 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே குயின் மெத்தையின் அகலம் 152. துணி அலமாரிக்கு ஆழம் 60 வேண்டும், இல்லாவிட்டால் சட்டை மாட்டிய ஹேங்கர் கதவில் இடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சம் 78. அதில் கட்டிலின் இருபுறமும் சிறு மேசை வரைந்து கொடுப்பார்கள். அலமாரிக் கதவு ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் வெளியே திறக்கும் என்பதை வரைபடம் காட்டாது. மேசை வந்தால் கதவு திறக்காது, கதவு திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. தள்ளுகதவு போடுங்கள், அல்லது கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டுங்கள். இரண்டும் அழகில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நடக்கலாம்.

சுவரை இடிக்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாலுக்குப் பக்கத்து அறையின் சுவரை எடுத்துவிட்டால் வீடு விரிந்துவிடும் என்பது உண்மை. முதலில், எல்லாச் சுவரையும் தொட முடியாது. உத்தரம், தூண், வலுவூட்டிய கான்கிரீட் சுவர் ஆகியவற்றின்மேல் கை வைக்கக் கூடாது. மற்றச் சுவரை இடிக்கவும் வீவகவின் அனுமதி வேண்டும், அதன் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். அது போகட்டும். இருவராகக் குடிவரும்போது வேண்டாத அறை, குழந்தை பிறந்ததும் வேண்டும், ஊரிலிருந்து அம்மா மூன்று மாதம் தங்க வரும்போது இன்னும் வேண்டும். விற்பதற்கு முன் குடியிருக்க வேண்டிய காலமே குறைந்தது 5 ஆண்டு. அந்த ஐந்து ஆண்டில் வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று யோசித்துவிட்டு இடியுங்கள்.

தொடவே முடியாத இன்னோர் இடம், நாம் ஸ்டோர்ரூம் என்று சொல்லும் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சிலிருந்து காக்கும் அறை. 1998இலிருந்து கட்டுவதற்கு அனுமதி பெற்ற வீடுகளில் இது உண்டு. அதன் சுவரை இடிக்க முடியாது, இரும்புக் கதவை மாற்றவும் முடியாது. காற்றுத் துவாரத்தையும் அடைக்கக் கூடாது. அதற்குள் தச்சு வேலைக்குக் காசு செலவழிக்காமல் தனியாக நிற்கும் இரும்பு ரேக் இரண்டு வாங்கி வையுங்கள். வேண்டாத நாளில் வெளியே இழுத்துவிடலாம். ஒரு சின்ன விஷயம்: அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஹாலில் பழைய தரைக்கு மேலேயே புதுத் தரை போடுகிறவர்கள் கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க மறந்தால், கதவு உரசும். தரைப் பூச்சும் அதற்கு அடியில் உள்ள சிமென்ட்டும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

புது புளோக் என்றால் கழிவறைத் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் கட்டி முடித்த 3 ஆண்டுக்குப் பெயர்க்க விடமாட்டார்கள். அடியில் இருக்கும் நீர்க்காப்புப் படலம் கிழிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். பிடிக்காத ஓட்டோடு மூன்று ஆண்டு வாழ்ந்து பாருங்கள், பலருக்கு அதற்குள் பழகிவிடுகிறது.

பொய்க்கூரை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீடு முழுக்க வேண்டாம். புதிய வீடுகளில் தரையிலிருந்து கூரைவரை சுமார் 2.6 மீட்டர். பொய்க்கூரை 2.4க்குக் கீழே இறங்கக் கூடாது. இறக்கிய கூரையில் மின்விசிறியை மாட்டினால் உயரமானவர் சட்டை மாற்றும்போது கையைத் தூக்கப் பயப்பட வேண்டும். இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: குழி விளக்கை விசிறி இறக்கைக்கு மேலே வரும்படி வைத்துவிட்டால், விசிறி சுற்றும்போதெல்லாம் அறை மினுக் மினுக் என்று துடிக்கும். விசிறி எங்கே என்று முதலில் முடிவு செய்துவிட்டு, விளக்கை இறக்கையின் சுற்றுக்கு வெளியே தள்ளுங்கள்.

சமையலறைக்கு வருவோம். நம் வீடுகளில் பணம் வீணாகும் இடம் இதுதான். திறந்த சமையலறை, நடுவில் தீவு மாதிரி ஒரு மேடை, இதெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கடுகு வெடிக்கும் வீட்டில், நெத்திலி பொரிக்கும் வீட்டில், அந்த எண்ணெய் ஹால் திரைச்சீலையிலும் சோபாத் துணியிலும் போய் உட்காரும். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹூட் இருக்கிறதே என்பார்கள். வெளியே குழாய் போகாத ஹூட், கரி வடிகட்டி வழியாகக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறது. நம் தாளிப்புக்கு அந்த வடிகட்டி வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வெளிச்சம் வேண்டும் என்றால் கண்ணாடித் தள்ளுகதவு போடுங்கள். சமைக்கும்போது மூடலாம், மற்ற நேரம் திறந்து வைக்கலாம்.

அலமாரி வரைவதற்கு முன் பாத்திரங்களை எடுத்து அளவெடுங்கள். இட்லிக் குண்டான், பெரிய குக்கர், தீபாவளி முறுக்குக்கு மட்டும் எடுக்கும் இரும்புச் சட்டி. கடைக்காரர் தரும் இழுப்பறை தட்டையான தட்டுக்குத்தான் பொருந்தும். கிரைண்டருக்கு மேடையிலேயே ஒரு நிரந்தர இடமும் பக்கத்தில் ஒரு பிளக்கும் ஒதுக்குங்கள். அடி அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கடையில் மாவு பாக்கெட் வாங்கத் தொடங்கிவிடுவீர்கள். மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் ஆசைப்படுவோருக்கு ஒரே வார்த்தை: மஞ்சள்தூள். சூடான சட்டியை நேரடியாக வைத்தாலும் அதில் கலந்திருக்கும் பிசின் நிறம் மாறும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் புள்ளி போட்ட கல் எவ்வளவோ நிம்மதி.

சிங்க் அடி அலமாரிக்கு எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை போட ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதிவிடும். விலை கூடினாலும் பிளைவுட் கேளுங்கள். எந்தப் பலகை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

1970களின் மூவறை வீடு வாங்கியவர்களுக்குக் குளியலறை, கழிவறை இரண்டுமே சமையலறையைத் தாண்டித்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும், வருகிற விருந்தாளியும் அந்த வழியேதான் போக வேண்டும். அங்கே இருபுறமும் அலமாரி போட்டால், அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது பின்னால் ஒருவர் உரசிக்கொண்டு போவார். ஒரு பக்கம் மட்டும் அலமாரி போதும். 1994க்கு முன் கட்டிய பல வீடுகளில் மின்சார வரவு 30 ஆம்ப்தான் என்பதால், ஏர்கான், ஓவன், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் பட்டியல் போடுவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சாமி இடத்தை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. எல்லாம் முடிந்தபிறகு டிவி அலமாரியின் ஓரத்தில் இரண்டு அடி ஒதுக்கித் தருவார்கள். நான்கு பக்கமும் மூடிய பலகைப் பெட்டிக்குள் காமாட்சி விளக்கு ஏற்றினால் என்ன ஆகும்? மேல் தட்டு முதலில் மஞ்சளாகும், பிறகு ஒட்டிய லேமினேட் கிளம்பிவிடும். விளக்குக்கு மேலே நல்ல உயரம் விடுங்கள், அடியிலும் பின்னாலும் ஓடோ கல்லோ பதியுங்கள். பக்கவாட்டில் திறப்பு இருக்கட்டும். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாமி இடத்தைத் தீர்மானியுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதெல்லாம் அது அலறினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

செருப்பு அலமாரியை வெளியே பொது நடைபாதையில் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட வேண்டாம். அங்கே 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், நகர மன்றம் வந்து எடுக்கச் சொல்லும். வாசலுக்கு உள்ளேயே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்று போடுங்கள், உட்கார்ந்து கழற்ற ஒரு பலகையோடு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பணமாகப் பெரிய தொகை கேட்டால் சலுகை எவ்வளவு கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை முடிய முடியக் கொடுப்பதாக எழுதி வையுங்கள். புது வீட்டுக்கு 3 மாதம், பழைய வீட்டுக்கு 1 மாதம்தான் வேலை செய்ய அனுமதி. இடிக்கிற சத்தம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். "சனிக்கிழமை இடித்து முடித்துவிடுகிறேன்" என்கிறவருக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் முறை, மூவறை வீட்டுக்கு மாறியபோது, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். நாலைந்து வெள்ளிக்கு மாஸ்கிங் டேப் வாங்கி, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு அலமாரியையும் வெறும் தரையில் அளந்து ஒட்டினோம். கட்டில் ஒரு செவ்வகம், சோபா ஒரு செவ்வகம், அடுப்பு ஒரு சதுரம். அம்மாவைச் சமைக்கச் சொன்னோம். அவர் இல்லாத சோற்றுப் பானையை இறக்கி, இல்லாத சிங்கில் கஞ்சி வடித்து, இல்லாத பிரிட்ஜைத் திறந்தார். திறந்த கதவு அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து டேப்பைப் பிய்த்து, பிரிட்ஜை ஓர் அடி தள்ளி ஒட்டிவிட்டு, குழம்பைத் தாளிக்கப் போய்விட்டார்.