செய்ன் நதியில் குளிக்கப் போகுமுன் நேற்றைய மழையைப் பாருங்கள்

கோடையில் பாரிஸில் செய்ன் நதியில் நீந்த நினைத்தால், இன்றைய வெயிலை விட நேற்று மழை பெய்ததா என்றுதான் முதலில் பாருங்கள். பெய்திருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். வீண் அலைச்சல் மிச்சம். பழைய பாரிஸில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான். பெருமழையில் அது நிரம்பி, கழிவு நதியில் கலந்துவிடும். 2025 ஜூலை 5-ல் நீச்சல் இடங்களைத் திறந்தார்கள், மழையால் மறுநாளே மூடினார்கள்! லேசான தூறலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பாரிஸ் காய்ந்திருந்தாலும் செய்னின் மேல்பகுதியில், அதில் வந்து சேரும் மார்ன் நதிப் பக்கம், கனமழை என்றால் இந்தக் கணக்கு உதவாது. எப்படியும் கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. படகுச் சவாரி, கரையோர நடை என்றால் இதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.