தமிழ் எண்களில் எழுதப் பழகலாம்: ௧ முதல் லட்சம் வரை

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பொருளடக்கத்தில் அந்தப் பாட்டுக்கு நேரே ௱௨௰௩ என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தேன், கால் மணி நேரம் கழித்து 123ஆம் பக்கத்தில் பாட்டு கிடைத்தது. அப்புறம்தான் உறைத்தது, அது பிழை இல்லை, பக்க எண்ணே அதுதான் என்று. தமிழ் எண்களைப் படிக்க நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒரு மணி நேர வேலைதான், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை தடுமாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்பது உருவங்கள்

௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯

இவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்துகள் மாதிரியே இருக்கும். ௧ பார்க்க க, ௨ பார்க்க உ (பிள்ளையார் சுழியும் இதுவும் சட்டென்று வித்தியாசம் தெரியாது), ௪ பார்க்க ச, ௭ பார்க்க எ, ௮ பார்க்க அ. மிச்சம் இருக்கிற ௩, ௫, ௬, ௯ நான்கும் ங, ரு, சு, கூ இவற்றின் சாயலில் இருக்கும், கொஞ்சம் சேர்த்து எழுதிய மாதிரி.

மனப்பாடம் செய்ய வாட்ஸப்பில் ஒரு வரி சுற்றுகிறது: கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஓர் எண். எனக்கு அதில் ஒரு குறை, நாலுக்கும் ஆறுக்கும் இரண்டு சகரம் வந்து குழப்பும். எட்டுக்கு மட்டும் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ‘எட்டேகால் லட்சணம்’ என்று திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள், ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடல் ஒன்றில் வருவது. எட்டின் குறி அ, கால் என்ற பின்னத்தின் குறி வ, இரண்டையும் சேர்த்தால் ‘அவலட்சணம்’. இதைத் தெரிந்துகொண்டவர் எட்டை மறக்க வழியே இல்லை.

ஒவ்வொன்றையும் பத்து முறை கையால் எழுதுங்கள், திரையில் பார்த்தால் மட்டும் போதாது.

அடுத்து மூன்று குறிகள்

௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௰ கொஞ்சம் ய மாதிரி இருக்கும். மற்ற இரண்டும் பார்த்துப் பார்த்துத்தான் கைக்கு வரும்.

இனி எண்ணை எழுதுவது. ரோமன் எண் தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருங்கள். அதில் பெரிய குறிக்கு இடப்பக்கம் சின்னது நின்றால் கழிக்க வேண்டும், பத்துக்கு முன் ஒன்று வந்தால் ஒன்பது. தமிழில் கழித்தலே கிடையாது. இடப்பக்கம் சின்னது நின்றால் பெருக்கல், வலப்பக்கம் நின்றால் கூட்டல். அவ்வளவுதான் விதி.

௨௰ என்றால் இரண்டு பத்து, அதாவது 20. ௰௨ என்றால் பத்தும் இரண்டும், 12. அதே இரண்டு குறிகள்தான், இடம் மாறினால் எண் மாறிவிடும்.

இதை விதியாக மனதில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வாயால் எண்ணைச் சொல்லுங்கள், சொல்கிற வரிசையிலேயே எழுதுங்கள். 47 நாற்பத்தேழு, நாலு பத்து ஏழு: ௪௰௭. 365 முந்நூற்று அறுபத்தைந்து, மூன்று நூறு ஆறு பத்து ஐந்து: ௩௱௬௰௫. 1947 ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு: ௲௯௱௪௰௭.

இந்தக் கடைசி எண்ணில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆயிரத்துக்கு முன்னால் ௧ இல்லை. நாம் ‘ஓராயிரத்துத் தொள்ளாயிரம்’ என்றா சொல்கிறோம்? அதே மாதிரி 10 என்பது வெறும் ௰, 100 வெறும் ௱. அடுத்தது பூஜ்யம். 108க்கு நடுவில் பூஜ்யம் எங்கே என்று தேடாதீர்கள், நூற்றெட்டு என்று சொல்லும்போது பூஜ்யத்தைச் சொல்வதில்லையே, எழுதவும் வேண்டாம்: ௱௮. 1005 இன்னும் சுருக்கம்: ௲௫. நாலு இலக்கம் இரண்டே குறியில் முடிந்துவிட்டது.

கை தடுமாறும் இடம்

தொண்ணூறும் தொள்ளாயிரமும். வாய் சொல்கிறபடி எழுது என்று இப்போதுதான் சொன்னேன், அந்த யோசனை கவிழ்கிற இடம் இதுதான். தொண்ணூறு என்று சொல்லும்போது காதில் ‘நூறு’ விழுகிறது, கை தானாக ௱ போடும். ஆனால் 90 என்பது ஒன்பது பத்து, ௯௰. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது, எழுத வேண்டியது ஒன்பது நூறு, ௯௱. எண்பது வரைக்கும் பத்தைப் பத்தாகச் சொல்லிவிட்டு ஒன்பதில் மட்டும் ஒரு படி மேலே தாவிவிடுகிறது மொழி. நான் முதல் வாரத்தில் 95ஐ ௯௱௫ என்று எழுதி, அது 905 என்று அப்புறம் விழித்திருக்கிறேன். 999ஐ ஐந்தாறு முறை எழுதிப் பாருங்கள், ௯௱௯௰௯, இந்தப் பழக்கம் போய்விடும்.

ஆயிரத்துக்கு மேலே

புதிய குறி எதுவும் வேண்டாம். பத்தாயிரம் ௰௲. இருபத்தைந்தாயிரம் ௨௰௫௲. லட்சத்துக்குத் தமிழில் பழைய பெயர் நூறாயிரம், எழுதுவதும் அப்படியே: ௱௲. இதைத் திருப்பிப் போட்டு ௲௱ என்று எழுதினால் ஆயிரத்து நூறு ஆகிவிடும். ஒரு லட்சத்துக்கும் 1,100க்கும் இடையில் இருப்பது இந்த இடமாற்றம் மட்டும்தான், அதனால் பெரிய எண்களை நிதானமாக எழுதுங்கள். கோடி என்றால் ௱௱௲, நூறு நூறாயிரம்.

இன்னொரு முறையும் உண்டு

சில புத்தகங்களில் ௧௯௪௭ என்று நேராகப் பார்ப்பீர்கள். அது தப்பில்லை. 1, 9, 4, 7 என்று நாம் இன்று எழுதுகிற இடமதிப்பு முறையிலேயே தமிழ் உருவங்களைப் போட்டிருக்கிறார்கள், அங்கே பூஜ்யத்துக்கு ௦ வரும், 105 என்றால் ௧௦௫. இது பிற்காலத்தில் வந்த வழக்கம். ௰ ௱ ௲ மூன்றில் ஒன்றாவது கண்ணில் பட்டால் பழைய முறை, ௦ இருந்தால் புதிய முறை. இரண்டையும் ஒரே எண்ணில் கலக்காதீர்கள். எனக்குப் பிடித்தது பழையதுதான், புதியதில் உருவம் மாறுகிறதே தவிர கற்றுக்கொள்ள வேறொன்றும் இல்லை.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ௧க்குப் பதில் க, ௮க்குப் பதில் அ என்று அடித்து ஒப்பேற்ற வேண்டாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒருங்குறியில் எண்ணுக்குத் தனி இடம், எழுத்துக்குத் தனி இடம், தேடும்போது ஒன்றைத் தேடினால் மற்றது வராது. விசைப்பலகையில் கிடைக்காவிட்டால் இந்தப் பக்கத்திலிருந்தே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகளில் கூடவே வருகிறவை இன்னும் மூன்று: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். குரோதி௵ தை௴ ௰௫௳ என்றால் குரோதி வருடம் தை மாதம் 15ஆம் தேதி. பின்னங்கள் தனிக் கடல், முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்கே பெயரும் குறியும் உண்டு, அதற்குள் இப்போது போகவில்லை.

சரி, பேனாவை எடுங்கள். 14, 90, 206, 1100, 2019 இவற்றை எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

௰௪, ௯௰, ௨௱௬, ௲௱, ௨௲௰௯.

ஐந்தும் சரியாக வந்திருந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள், விடை தரப்போவதில்லை: ௯௰௯௲௯௱௯௰௯.