அடுக்கு வலையமைப்பை வரைய ஒரே ஃபங்ஷன் போதும்

ரீனா (RINA, ஒரே மாதிரி அடுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கும் வலையமைப்பு வடிவமைப்பு) போன்ற அடுக்கடுக்கான வலையமைப்பைக் கையால் வரையாதீர்கள். ஓர் அடுக்கை வரையும் பைதன் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அது தன்னையே அழைக்கும்படி செய்து, விளைவை எழுத்துக் கோப்பிலிருந்து வரைபடம் வரையும் மென்பொருளான கிராஃப்விஸுக்குக் கொடுங்கள். ரீனாவில் எல்லா அடுக்குக்கும் வேலை ஒன்றுதான், எல்லை மட்டுமே வேறு. இலங்கையின் ஹட்டன்–நுவரெலியா அடுக்கு பெரிய பெட்டி என்றால், உள்ளே ஹட்டன்–தலவாக்கலை, தலவாக்கலை–நுவரெலியா என்று இரண்டு சின்னப் பெட்டிகள். கிராஃப்விஸில் உள்வரைபடத்தின் (subgraph) பெயர் ‘கிளஸ்டர்’ (cluster) என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கினால் பெட்டி விழும். பலர் தடுமாறுவது இங்கேதான். தலவாக்கலை ரவுட்டர் இரண்டு சின்ன அடுக்கிலும் இருக்குமே? அடுக்குக்கு ஒரு புள்ளி வைத்துப் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். கோப்பு வெறும் எழுத்துத்தான், மழை நாளில் சிக்னல் மந்தமாக இருந்தாலும் அனுப்பிவிடலாம். கிராஃப்விஸின் நியாட்டோ, சர்க்கோ என்ற வரையும் முறைகளில் பெட்டி வராது; ஒரே அடுக்கு மட்டும் என்றால் இந்த வேலையே தேவையில்லை.